பயாஸ் அப்டேட்: எப்போது அவசியம், எப்போது தொடவே வேண்டாம்?

கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென க்ராஷ் ஆகும். 'வீடியோ மெமரி போதவில்லை' என்று ஒரு எரர் வரும். 2024-ல் உலகம் முழுக்கப் பல கேமர்கள் இதைப் பார்த்துவிட்டு கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸையே புதிதாகப் போட்டார்கள். ம்ஹூம்! கடைசியில் பார்த்தால் கோளாறு கார்டில் இல்லை. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் இருந்தது.

அந்த பிராசஸர்கள் சில நேரங்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. அதனால் சிப் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போனது. இதைத் தடுக்கும் மைக்ரோகோடு திருத்தத்தை 2024 ஆகஸ்ட்டிலும், அடுத்ததை செப்டம்பரிலும் இன்டெல் வெளியிட்டது. அவை மக்கள் கைக்கு வந்தது மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸ் அப்டேட் வழியாகத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்டேட் இனிமேல் கெடுவதைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைச் சரிசெய்யாது. அப்படிப்பட்ட சிப்பை வாரன்ட்டியில் மாற்றத்தான் வேண்டும். அதற்காகவே இந்த பிராசஸர்களுக்கு வாரன்ட்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது இன்டெல்.

'நல்லா ஓடுற கம்ப்யூட்டரை எதுக்கு நோண்டணும்?' என்பது பயாஸ் விஷயத்தில் பல காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால், இந்த விஷயத்தில் அப்டேட் செய்யாமல் இருந்ததுதான் ரிஸ்க்காகிப் போனது.

ஏன் இவ்வளவு பயம்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே வேலையை ஆரம்பிப்பது பயாஸ். இது ஹார்டு டிஸ்க்கில் இல்லை; மதர்போர்டில் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. இன்றைய கம்ப்யூட்டர்களில் இருப்பது இதன் அடுத்த தலைமுறையான யூஇஎஃப்ஐ என்றாலும், பழைய பெயரே நிலைத்துவிட்டது. அப்டேட் என்பது அந்த சிப்பில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. பாதியில் கரன்ட் போனால், கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குத் தேவையான கோடே இல்லாமல் போய்விடலாம்.

அதனால் சரியான காரணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பிராசஸர் பிரச்சினைக்கான திருத்தம், பழைய போர்டில் புது பிராசஸர் போடுவது, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது போன்றவை நல்ல காரணங்கள். 2023 டிசம்பரில் வெளியான 'லோகோஃபெயில்' ஓட்டை ஓர் உதாரணம். ஆன் செய்ததும் வரும் லோகோ படத்தை வைத்தே, விண்டோஸ் எழுவதற்கு முன் உள்ளே நுழையும் வழி அது. மற்றபடி, 'ஸ்பீடு கூடும்னு சொன்னாங்க' என்பதெல்லாம் காரணமே இல்லை. 'பீட்டா' என்று போட்டிருந்தால் அவசரப்பட வேண்டாம்.

மாடல் நம்பரில் கவனம்

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால், மதர்போர்டு மாடலும் இப்போதைய பயாஸ் வெர்ஷனும் தெரியும். அதே மாடலுக்கான பக்கத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் தேடுங்கள். வேறு எங்கிருந்தும் ஃபைலை இறக்க வேண்டாம். ஜிகாபைட் போன்ற போர்டுகளில் ஒரே மாடல் பெயரில் 'ரெவ் 1.0', 'ரெவ் 1.1' என வெவ்வேறு பதிப்புகள் உண்டு. அது போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். கேபினெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பலர் மறப்பது இதைத்தான்

கரன்ட் போகுமோ என்று எல்லோருக்கும் பயம் இருக்கிறது. பிட்லாக்கரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸ் மாறியதும், 'யாரோ கைவைத்திருக்கிறார்கள்' என்று நினைத்து விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் அப்டேட் பக்காவாக முடிந்திருந்தாலும் உள்ளே இருக்கும் போட்டோக்கள், ஃபைல்கள் எதையும் திறக்க முடியாது. சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் ஃபார்மட் செய்துதான் தருவார்கள்.

எனவே முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த கீ இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பேப்பரில் எழுதியோ, போனில் படம் எடுத்தோ வையுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் எடுப்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆபீஸ் லேப்டாப் என்றால் தொடவே வேண்டாம். அது ஐடி டீமின் வேலை.

அப்டேட் செய்யும்போது

டெஸ்க்டாப்பில் நம்பகமான வழி பென்டிரைவ்தான். அதை ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, ஃபைலை அன்ஜிப் செய்து போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் வசதி வழியாக ஓட்டலாம். ஆசுஸில் அதன் பெயர் ஈஇஸட் ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ். லேப்டாப்புக்குப் பெரும்பாலும் விண்டோஸில் ஓடும் ஃபைலையே தருவார்கள். சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இருந்தால் நல்லது. வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள், அதில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கரன்ட் மாறும் அந்த ஒரு நொடியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

எழுதி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதன் பிறகுதான் பலர் பதறுகிறார்கள். டிடிஆர்5 ரேம் உள்ள கம்ப்யூட்டர்களில் முதல் பூட்டின்போது மெமரி டிரெய்னிங் நடக்கும். அந்த நேரத்தில் ஸ்கிரீன் பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். 'செத்துப்போச்சு' என்று பவர் பட்டனை அமுக்கிவிடாதீர்கள். பூட் ஆனதும் செட்டிங்ஸ் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். ரேம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை மறுபடி ஆன் செய்ய வேண்டும். முன்பு ரெய்டு அல்லது விஎம்டி செட்டிங் போட்டிருந்தவர்கள் அதையும் திரும்பப் போடாவிட்டால் விண்டோஸ் எழாது. அதற்காகவே அப்டேட்டுக்கு முன் பயாஸ் பக்கங்களை போனில் படம் எடுத்து வைப்பது உதவும்.

உண்மையிலேயே பாதியில் நின்றுவிட்டால்? போர்டின் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால், நிறுவனம் சொன்ன பெயரில் ஃபைலை பென்டிரைவில் போட்டு, அந்த பட்டனை அமுக்கியே மீட்டுவிடலாம். பிராசஸரும் ரேமும் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். பட்டன் இல்லாத போர்டுகளுக்கு சர்வீஸ் கடையில் புரோகிராமர் கருவியை நேரடியாகச் சிப்பில் மாட்டி பயாஸை எழுதித் தருவார்கள். வாரன்ட்டி இருக்கும்போது வெளிக் கடைக்குப் போவதற்கு முன், கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.