மதுரைத் தேநீர்க் கடைகள்

மதுரைத் தேநீர்க் கடைகள் என்பவை மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தேநீர், வடை முதலியவற்றை விற்பதோடு, மக்கள் கூடிப் பேசும் பொது இடங்களாகவும் விளங்கும் சிறு கடைகளாகும். பேச்சு வழக்கில் இவை டீக்கடை எனப்படும். இங்கிலாந்தில் நண்பர்கள் சந்திக்கும் ‘பப்’ எனும் மதுக்கூடம் பெற்றுள்ள இடத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் டீக்கடையே பெற்றுள்ளது. இங்கு மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் வசம் உள்ளது. அக்கடைகளை ஒட்டிய பார்கள் குடிப்பதற்கான இடங்களாகவே பார்க்கப்படுகின்றன.

வரலாறு

நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தேயிலை பயிரிடப்பட்டது. எனினும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த விளம்பர முயற்சிகளுக்குப் பின்னரே தேநீர் பொதுமக்களிடம் பரவியது. காப்பி நடுத்தர வகுப்பினரின் பானமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் அடையாளம் பெற்றன. இப்பண்பாட்டு வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தமது ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் ஆராய்ந்துள்ளார்.

1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். அதன் எளிய நடை டீக்கடை வாசிப்புக்குப் பொருந்தியது. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவரும் கேட்டு விவாதித்தனர். திராவிட இயக்கக் கருத்துகள் பரவியதிலும் டீக்கடைகளுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் பங்குண்டு.

பேச்சுக்கு ஏற்ற கடை

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையொன்றில், தமக்குப் பிடித்த மதுக்கூடத்தின் பத்து இயல்புகளைக் கூறி, இறுதியில் அப்படியொரு கூடமே இல்லை என்கிறார். வானொலி இல்லாததால் பேச முடிகிற அமைதி அவற்றுள் ஒன்று. வீடு, பணியிடம் ஆகியவற்றுக்கு அப்பாற்பட்ட இத்தகைய கூடுமிடத்தைச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் ‘மூன்றாம் இடம்’ என விளக்கினார்.

டீக்கடைக்கு இவ்வளவுகளைப் பொருத்தினால் பின்வருவன முக்கியமாகும்:

- இருக்கை: நிழலில் போட்ட பெஞ்சு; குடித்து முடித்ததும் எழுப்பிவிடாத கடைக்காரர்.
- ஓசை: பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கடையைவிடத் தெருவின் உட்புறக் கடை பேச்சுக்கு ஏற்றது.
- பழக்கம்: ‘ஸ்ட்ராங்’, ‘லைட்’, ‘சர்க்கரை கம்மி’ என ஒவ்வொருவரின் தேவையையும் கேளாமலே அறிந்திருத்தல்.
- நேரம்: காலைக் கூட்டம் கலைந்த பின்னும், மாலை வடை போடும் முன்னும் உள்ள ஓய்வான வேளை.

அவனியாபுரம்

மதுரை விமான நிலையம் செல்லும் வழியிலுள்ள அவனியாபுரம், 2011இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தை முதல் நாள் இங்கு நடைபெறும் சல்லிக்கட்டு புகழ்பெற்றது. ஊரும் நகரும் கலந்த இத்தகைய பகுதிகளில் காளை, மழை, மனை விலை, அரசியல் ஆகிய அனைத்தும் ஒரே பெஞ்சில் பேசப்படுகின்றன.

சமத்துவம்

எல்லோருக்கும் பொதுவான இடம் என்ற பெருமை டீக்கடைக்கு எளிதில் கிடைத்ததன்று. தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் இருந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் அனுமதி மறுப்பதை அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு தடை செய்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. சட்டம் வந்த பின்னும் இதற்கெதிரான போராட்டங்கள் தேவைப்பட்டன. ஒருமுறை மட்டும் பயன்படும் காகிதக் குவளை வேறுபாட்டைக் கண்ணுக்கு மறைத்தாலும், அதே பெஞ்சில் அமரும் உரிமைக்கு அது ஈடாகாது.

பெண்கள் நின்று பேசும் டீக்கடைகள் இன்றும் குறைவே. ஒரு கடை உண்மையில் பொது இடமா என்பதை அங்கு யார் தயக்கமின்றி அமர முடிகிறது என்பதைக் கொண்டே அறியலாம்.