சிங்கமீனும் சுழியோடிகளின் கண்காணிப்பும்

சிங்கமீன் இலங்கையின் முருகைக்கற்பாறைகளிலும் வாழ்கின்றது; ஆயினும் இங்கு அது ஆக்கிரமிப்பு இனமன்று. மனிதரால் தன் இயற்கை வாழிடத்துக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு பெருகித் தீங்கு விளைவிக்கும் இனமே அவ்வாறு அழைக்கப்படும். மாணவர் பலர் தவறுவிடும் இடம் இது.

1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் அறியப்பட்ட சிங்கமீன், 2009 ஒக்டோபரில் கரிபியன் கடலிலுள்ள பொனேர் தீவிலும் காணப்பட்டது. பெண்மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் முட்டைகளை இடக்கூடியது. எனவே அங்கு சுழியோடிகளுக்குத் தக்கையில் கட்டிய நாடாக்கள் வழங்கப்பட்டன. மீனைக் கண்டவர் நாடாவை அவ்விடத்தில் கட்டிவிட்டுக் கரைக்கு வந்து அறிவிப்பார். முள்ளில் நஞ்சு இருப்பதால் தாமே பிடிக்க முற்படலாகாது. சிங்கமீன் பெரும்பாலும் ஒரே பாறையிடுக்கில் தங்குவதால், பயிற்சி பெற்றோர் பின்னர் சென்று அதனைப் பிடித்தனர். மிக ஆழமான பகுதிகள் சுழியோடிகளின் கண்ணில் படாமையே இம்முறையின் குறைபாடாகும்.