நண்பருக்கு எழுதுவதை வேறு யார் படிக்கிறார்கள்?

நண்பர்கள் எந்தச் செயலியில் இருக்கிறார்களோ அதையே நாமும் இறக்கிக்கொள்கிறோம். அதில் தப்பில்லை. பேச ஆள் இல்லாத செயலியை வைத்து என்ன செய்வது? ஆனால் நிச்சயதார்த்தப் பேச்சு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், சம்பளச் சீட்டு, ராத்திரி கோபத்தில் எழுதிய நாலு வரி என எல்லாமே இன்று அதற்குள்தான் போகின்றன. அதனால் ஸ்டிக்கர், தீம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதுதான்: நான் எழுதுவதை நண்பரைத் தவிர வேறு யாரால் படிக்க முடியும்?

எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் உள்ள செயலியில் செய்தி உங்கள் போனிலேயே மறையெழுத்தாகிவிடும். நண்பரின் போனுக்குப் போன பிறகுதான் மறுபடி எழுத்தாகும். நடுவில் இருக்கும் நிறுவனமே நினைத்தாலும் படிக்க முடியாது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதை எல்லோருக்கும் கொண்டுவந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது சிக்னல் என்ற செயலியை உருவாக்கியவர்களின் தொழில்நுட்பத்தை.

டெலிகிராம் விஷயத்தில்தான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். ரகசியத்துக்குப் பேர்போன செயலி என்று நினைத்து இறக்குகிறார்கள். அதில் நாம் வழக்கமாகப் பேசும் சாட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒவ்வொருவரோடும் 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் கிடைக்கும். குரூப்புக்கு அந்த வசதியே இல்லை. சோஹோவின் 'அரட்டை' 2021 ஜனவரியில் வந்தது. 2025 செப்டம்பரில் திடீரென்று லட்சக்கணக்கானோர் அதற்கு மாறியபோது, அழைப்புகளுக்கு மட்டுமே முழு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நம்மூர் நிறுவனம் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் எந்த ஊர் நிறுவனமாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இறக்கும் நாளில் அதன் இப்போதைய நிலை என்ன, தனிச் சாட், குரூப் இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டா என்று செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள்.

செய்தி மறைந்துவிட்டது, சரி. யார் யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை முறை பேசினார்கள் என்ற விவரம்? உறையைப் பிரிக்காமலேயே முகவரியைப் படிப்பது போல, அதை நிறுவனங்களால் பார்க்க முடியும். 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக சிக்னலிடம் பயனர் விவரம் கேட்டார்கள். கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம், இவ்வளவுதான் அவர்களால் கொடுக்க முடிந்தது. மற்ற எதையும் அவர்கள் சேர்த்தே வைக்கவில்லை. வாட்ஸ்அப்போ 2021-இல் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள்ளச் சொல்லிப் பயனர்களை நெருக்கியது. அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றாடப் பேச்சுக்கு வாட்ஸ்அப் போதும். வெளியே தெரிந்தால் வேலையோ குடும்பமோ உயிரோ பாதிக்கும் என்கிற பேச்சுக்கு சிக்னல். அதில் 2024 முதல் போன் நம்பரைக் காட்டாமல் பயனர்பெயரை வைத்தே பேசலாம். டெலிகிராமை சேனல் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகலை அதன் வழக்கமான சாட்டில் அனுப்பாதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் இன்னும் முக்கியம். பெரும்பாலான நஷ்டம் செயலியின் பூட்டு உடைந்து வருவதில்லை, நம் கையிலிருந்தே சாவி போய்விடுகிறது. நெருங்கிய நண்பரின் பெயரில் ஒரு செய்தி வரும்: "உன் நம்பருக்குத் தவறுதலா ஒரு கோட் அனுப்பிட்டேன், கொஞ்சம் சொல்லுடா." அந்த ஆறு இலக்கம் உங்கள் கணக்கைத் திறக்கும் ஓடிபி. நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். நீங்கள் கோடைச் சொன்ன அடுத்த நிமிடம் உங்கள் கணக்கும் போகும். பிறகு உங்கள் சித்தப்பாவுக்கும் பள்ளித் தோழிக்கும் "அவசரம், 15,000 ஜிபே பண்ணு, சாயங்காலம் தர்றேன்" என்று உங்கள் பெயரில் போகும்.

அப்படி நடந்தால் பதற வேண்டாம். வாட்ஸ்அப்பை மீண்டும் நிறுவி, உங்கள் நம்பரைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைக் கொடுங்கள். அந்த நொடியே திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாம் கட்டப் பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகும். அதுவரை அவனாலும் பயன்படுத்த முடியாது. அந்தப் பின்னை இன்றைக்கே நீங்கள் முந்திக்கொண்டு போட்டுவிட்டால் இந்தக் கதையே இல்லை. 'இருகட்டச் சரிபார்ப்பு' என்று செட்டிங்ஸில் இருக்கிறது. அம்மா, அப்பா போனிலும் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்தோம், அவசரத்தில் கிளம்பிவிட்டோம். அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் சாட் இன்னும் திறந்து கிடக்கலாம். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் உடனே நீக்குங்கள். பேக்கப்பையும் கவனியுங்கள். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும் பிரதிக்கு முழு மறையாக்கம் 2021-இல்தான் வந்தது. அதை நாமாகப் போய் இயக்க வேண்டும். பழைய சிம்மை விட்டுவிடுகிறவர்கள் அதற்கு முன்பே செயலியில் நம்பரை மாற்றிவிடுங்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தால் வேறொருவர் கைக்குப் போகலாம்.

செயலிகளே மறைந்துபோவதும் உண்டு. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும், இந்தியாவின் ஹைக் 2021 ஜனவரியிலும் மூடப்பட்டன. போற்றி வைக்க வேண்டிய உரையாடல் இருந்தால் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய செயலி ஒவ்வொன்றும் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்கப் படம் பரவுகிறது என்று அவரே புகார் கொடுத்தால் அதை நீக்க அந்த விதிகள் முதலில் வைத்த கெடு 24 மணி நேரம். குரூப் அட்மின்களும் ஒன்று தெரிந்துகொள்ளலாம். உறுப்பினர் போட்ட பதிவுக்காக, வேறு பங்கில்லாத அட்மினை வழக்கில் சேர்க்கக் கூடாது என்ற நிலையை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் எடுத்தது.

பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப்பட அவ்வளவு வாய்ப்பு உண்டு. பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் எழுத்துப் புகார். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலேயே அங்கே தெரிவிக்கலாம். படத்தைக் காட்டி மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். மிரட்டப்படுகிற பிள்ளை வீட்டில் வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறார்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆத்திரத்தில் சாட்டை அழித்துவிடுவது பலர் செய்கிற காரியம். வழக்கே அதோடு பலவீனமாகிவிடும். பிளாக் செய்வதற்கு முன்னால் அனுப்பியவரின் நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேங்க் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள். "எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்ய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வழி செய்கிறது என்று சொல்லுங்கள்.

செயலி நிறுவனம் உங்கள் புகாரைக் கண்டுகொள்ளவில்லை அல்லது ஒப்புக்கு ஒரு பதில் அனுப்பிவிட்டது என்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியே போகலாம். அங்கே முதல் புகாரையும் கிடைத்த பதிலையும் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே குறைதீர் அதிகாரிக்கு எழுதும்போதே மின்னஞ்சலில் எழுதி, வந்த புகார் எண்ணைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.