யார் இந்த புச்சி பாபு?

2024 ஆகஸ்ட்ல சூர்யகுமார் யாதவும் இஷான் கிஷனும் புச்சி பாபு டோர்னமென்ட்ல ஆடினது ஞாபகம் இருக்கா? அப்போ எங்க கேன்டீன்ல ஒருத்தன் கேட்டான்: "யார்ரா இந்த புச்சி பாபு?" எங்க யாருக்கும் தெரியலை. அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

முழுப்பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. பிறந்தது 1868-ல், விக்டோரியா ராணி காலம். சேப்பாக்கம் மைதானம் அப்போ மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கையில் இருந்தது. 1846-ல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகத் தொடங்கிய கிளப் அது. அங்கே ஆடப் போன இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடம் கிடையாது. மதியச் சாப்பாடு மரத்தடியில்தான்.

நாமா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? புலம்பிட்டு வந்திருப்போம். அவர் 1888-ல், அதாவது நம்ம வயசுல, மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இடம் எஸ்பிளனேடு. ராயபுரத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வர்ற பாரிமுனை பக்கம்தான். வசதியான குடும்பம் என்பதால், சொந்தக் காசில் பசங்களுக்கு பேட், பேடு எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

ஆட ஆள் இருந்தா மட்டும் மேட்ச் நடந்துடாது. அதை நடத்த ஒரு ஆள் வேணும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் லில்லிவைட் என்ற பவுலர் ஒரு டீமைச் சேர்த்து, கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போனார். 1877 மார்ச்சில் மெல்போர்னில் அந்த டீம் ஆடியதுதான் முதல் டெஸ்ட்னு வரலாற்றில் நிக்குது. இங்கே அந்த வேலையைச் செஞ்சவர் புச்சி பாபு. தங்களைச் சமமா உட்கார வைக்காத அதே கிளப்போடு பேசி, இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் மேட்சுக்கு ஏற்பாடு பண்ணினார். 1908 டிசம்பரில் சேப்பாக்கத்தில் அது நடந்தது. பார்க்க அவர் இல்லை. அதற்குச் சற்று முன்புதான், 40 வயதில், இறந்துபோனார்.

அந்த மேட்ச் நிற்கவில்லை. பின்னாளில் பொங்கல் சமயத்தில் சென்னையே காத்திருந்து பார்க்கும் ஆட்டமானது. 1909-ல் அவர் பெயரில் டோர்னமென்ட் தொடங்கியது. அவர் மகன் சி. ராமசாமி 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸும், 1936-ல் இந்தியாவுக்காக டெஸ்டும் ஆடினார்.

திருவொற்றியூர்ல ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்திருப்பீங்க. என்ட்ரி ஃபீஸ் வசூல் பண்ணி, கப் வாங்கி, ரெண்டு டீமுக்கும் சண்டை வராமப் பார்த்துக்கிட்டு, தான் ஒரு பால்கூட ஆடாம நோட்டோட ஒரு அண்ணன் நிப்பார். அடுத்த தடவை சிக்ஸ் அடிச்சவனுக்குக் கை தட்டும்போது, அந்த அண்ணனுக்கும் சேர்த்துத் தட்டுங்க.