வாசலோடு நின்றுவிடும் வரைபடம்

சென்னையின் தி. நகரை வரைந்தவர்கள் மனைகளையும் தெருக்களையும் பூங்காக்களையும் ஒன்றாகவே வரைந்தார்கள். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலத்து நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து இந்தப் பேட்டை எழுந்தது. தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான் என்று அக்காலத் தலைவர்களின் பெயர்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் நிலைத்தது அதனால்தான். ஏரியைத் தூர்த்ததற்கான விலையை மழைக்காலந்தோறும் நகரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது தனிக் கதை. ஆனால் பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகளைப் பிரித்தவர்களின் கணக்கில் நடக்கிறவர் இருந்தார். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர் கால்நடையாகவே வீடு போய்ச் சேரும்படி அமைந்த பேட்டை அது.

பிறகு வீடுகள் கடைகளாயின. 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது, அதன்கீழ் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வந்தது. இன்றைக்கு நாம் சி.எம்.டி.ஏ. என்கிறோமே, அதுதான். பெருநகருக்கென்று முழுமைத் திட்டமும் இருந்தது. ஆனால் அன்றாட வேலை என்னவோ மனை மனையாக ஃபைல் பார்ப்பதுதான்: இத்தனை அடி செட்பேக், இத்தனை எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு இத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு), இத்தனை மாடி. ஒவ்வொரு ஃபைலும் அந்தந்த மனையின் எல்லைக் கோட்டோடு முடிந்தது. எல்லா ஃபைல்களும் சேர்ந்து ஒரு தெருவை என்ன செய்கின்றன என்பதற்கென்று தனி ஃபைல் இல்லை.

பிளாட்பாரம் எப்படிக் காணாமல் போகிறது என்று பார்த்தால் இது புரியும். கடைக்கு முன்னால் விட வேண்டிய இடத்தைக் கடையே விழுங்கிவிடுகிறது. அங்கே நிற்க வேண்டிய வாடிக்கையாளர் பிளாட்பாரத்துக்கு வருகிறார். அங்கே நிறுத்த வேண்டிய பைக்கும் பிளாட்பாரம் ஏறுகிறது. நடந்து வந்தவர் சாலையில் இறங்குகிறார், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில். கூட்டம் தாங்கவில்லை என்று பழியை நடைபாதை வியாபாரியின் மேல் போடுவது சுலபம். அவர் வைத்திருந்தது ஒரு கட்டில் அளவு இடம். பின்னால் நின்ற கட்டடங்கள் சாப்பிட்ட இடத்தை யாரும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை.

விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தச் சட்டத்திலேயே வழி செய்தார்கள். ஒரு முறைக்கு மட்டும் என்று சொல்லப்பட்டது திரும்பத் திரும்ப நீண்டது. நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. 2011 இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். 2012 பொங்கல் நெருங்கியபோது உச்ச நீதிமன்ற அனுமதியோடு தற்காலிகமாகத் திறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடம் பற்றி எரிந்து, ஒரு நாளைக்கு மேல் புகைந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தீயணைப்பு வண்டிகள் கட்டடத்தைச் சுற்றி வர முடியாமல் திணறியதை அன்று டி.வி.யில் ஊரே பார்த்தது. செட்பேக் என்பது எதற்காக என்று அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

இதற்கிடையில் நல்லதும் நடந்தது, அதை மனமாரச் சொல்ல வேண்டும். 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே ஒரு கொள்கையை ஏற்றது; போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதமாவது இவர்களுக்குப் போக வேண்டும் என்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. சக்கர நாற்காலியில் ஒருவர் யாரையும் விலகச் சொல்லாமல் கடை கடையாகப் போவதை அங்கே பார்க்கலாம். பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளை ஓடவிடுகிறார்கள். 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனையும் தி. நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை வந்தது. லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு, பயனுள்ளதுதான். ஆனாலும் கீழே ரங்கநாதன் தெருவில் இடம் இல்லை என்பதால் நடப்பவரை மேலே ஏற்றிவிட்டோம் என்பதை மறக்கக் கூடாது.

பாண்டி பஜாரிலிருந்து ஏதாவது ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பிப் பாருங்கள். பிளாட்பாரம் இருபதடி ஒழுங்காகப் போகும். பிறகு ஒரு புதிய கட்டடத்தின் ரேம்ப் குறுக்கே வரும். கார் நிறுத்துமிடம் தெருவைவிட உயரம். ஏற்றத்துக்கு உள்ளே இடம் விட மனமில்லாமல் சரிவை வெளியே இழுத்துவிட்டிருப்பார்கள், அதில் வழவழப்பான டைல்ஸ் வேறு. அதைத் தாண்டினால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். அதையும் தாண்டினால், அடுத்த மனைக்காரர் சாலை அகலப்படுத்தத் தானமாகக் கொடுத்த துண்டு நிலம். பக்கத்து மனைகள் இன்னும் கொடுக்காததால் அந்தத் துண்டு பல்வரிசையில் விழுந்த ஓட்டைபோல உள்வாங்கி நிற்கும், அதில் இரண்டு கார் நிற்கும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் இதற்குள் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும்!

இது எல்லாமே அனுமதி பெற்ற கட்டடங்களின் வாசலிலும் நடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். உயரமான கட்டடத்துக்கு விண்ணப்பித்தால் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கார் எங்கே நுழையும், எங்கே வெளியேறும் என்று கேட்பார்கள். எதிரே இருக்கும் சாலை 18 மீட்டர் என்றால், 12 மீட்டர் சாலையில் உள்ள மனையைவிடக் கூடுதலாகக் கட்டலாம். சாலையின் அகலம் கட்டடத்துக்கு உயரம் வாங்கிக் கொடுக்கிறது. அந்த அகலத்தில் நடப்பவருக்கு எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. பிளாட்பாரம் மாநகராட்சியுடையது, மனை சி.எம்.டி.ஏ.வின் ஃபைலில் இருப்பது. இரண்டும் சந்திக்கும் அந்த ஓர் அடிக்குத்தான் பொறுப்பாளர் இல்லை.

2024 முதல் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்றின் பேரில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். சின்ன ஃபைல்கள் குறைந்ததால் மிச்சமாகும் நேரத்தைப் பெரிய கட்டடங்களின் வாசலுக்குக் கொடுக்கலாமே. 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. வணிகக் கட்டடமோ அடுக்குமாடியோ, வரைபடம் மனையோடு நிற்காமல் எதிர்ப்பக்கத்துப் பிளாட்பாரம் வரை போகட்டும்: கர்ப் கல்லின் உயரம், ரேம்ப் தொடங்கும் இடம், மரம், பில்லர் பாக்ஸ், சாலையைக் கடக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். கட்டி முடித்த பின் நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் பெரிய கட்டடங்களுக்குக் கரண்டும் குடிநீரும் கிடைக்காது என்பதால் கடிவாளம் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் தர வருகிற அதிகாரி, உள்ளே போய் மாடி எண்ணுவதற்கு முன் அந்த வாசலின் முன் பிளாட்பாரத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து பார்க்க வேண்டும். சாலையில் கால் வைக்காமல் கடக்க முடியவில்லை என்றால் சான்றிதழ் கிடையாது.