‘அந்த ஆளு ஃபிராடு’ - வாட்ஸ்அப்பில் போட்டால் கேஸ் வருமா?

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விற்ற ஒரு விவசாயிக்கு, வியாபாரியிடமிருந்து பணம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடுப்பில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில், “அந்த ஆளு ஃபிராடு, யாரும் சரக்கு கொடுக்காதீங்க” என்று பெயரோடு போட்டுவிடுகிறார். வியாபாரி கேஸ் போட முடியுமா?

முடியும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுதான் அவதூறு. பழைய ஐபிசி 499, 500. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். சமூக சேவையும் விதிக்கலாம். போலீஸ் தானாக எஃப்ஐஆர் போடும் குற்றமல்ல இது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். தீர்ப்பு எப்படி வந்தாலும், வாய்தா வாய்தாவாக உத்தமபாளையத்துக்கு அலைவதே பாதி தண்டனை!

‘உண்மையைத்தானே சொன்னேன்?’ நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் அது போதும். கிரிமினல் வழக்கில் போதாது. சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். ‘இது என் தனிப்பட்ட கருத்து’ என்று முன்னால் சேர்த்தாலும், பொய்த் தகவல் கருத்தாகிவிடாது.

1860-ல் எழுதிய ஐபிசியிலேயே நம்ம விவசாயிக்குப் பொருந்தும் உதாரணம் இருக்கிறது. ஒரு கடைக்காரர் தன் கடையைப் பார்த்துக்கொள்பவரிடம், ‘இன்னாருக்கு ரொக்கத்துக்கு மட்டும் கொடு, அவர் நேர்மையில் எனக்கு நம்பிக்கையில்லை’ என்கிறார். தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னால் அது அவதூறல்ல. ஆனால் சட்டத்தில் ‘நல்லெண்ணம்’ என்றால் மனசு சுத்தம் மட்டுமல்ல, உரிய கவனத்தோடு விசாரித்துச் சொல்வது. அவர் சொன்னதும் சம்பந்தப்பட்ட ஒருவரிடம் மட்டும். சம்பந்தமில்லாத நூறு பேர் இருக்கும் குரூப் வேற கதை.

யாரையும் குறிப்பிடாத பொதுக் கருத்துக்குப் பாதுகாப்பு இன்னும் அதிகம். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-ல் நடிகை குஷ்பு பேசியதற்கு அவர் மீது 23 வழக்குகள். யாருடைய பெயரைக் கெடுத்தார் என்றே காட்ட முடியாததால், 2010 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. அவதூறைக் குற்றமாக்கும் பிரிவையே நீக்கக் கேட்ட மனுக்கள் மட்டும் 2016-ல் தோற்றுப்போயின.

சரி, விவசாயி என்ன எழுதியிருக்கலாம்? “போன மாசம் ரெண்டு டன் கொடுத்தேன், பாதிப் பணம் இன்னும் வரல, பில் இருக்கு. இனி அவருக்குக் கடனுக்குக் கொடுக்க மாட்டேன்.” இதை திராட்சை விவசாயிகள் மட்டும் உள்ள குரூப்பில் போட்டால், கோர்ட்டில் பேச அவர் கையில் ஏதாவது இருக்கும்.