பிள்ளையார் விழியில் பதியும் குன்றிமணி

ஆவணிச் சதுர்த்தி நெருங்கினால், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற நகரக் குடியிருப்புகளிலும் களிமண் பிள்ளையாருக்குரிய அணிகலன்களைப் பாட்டிமார் இல்லத்திலேயே செய்துவிடுவர். எருக்கம்பூ கோத்த மாலை, வாழைநாரில் தொடுத்த அருகம்புல் ஆரம், மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதக் குடை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். பூப்பறித்த கையை உடனே கழுவுதல் நலம்.

திருவிழிகளுக்குக் குன்றிமணி. செம்மையில் கருமை பதிந்த இவ்விதை, முன்னாளில் பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாகவும் விளங்கியது. ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம். ‘குன்றிமணித் தங்கம்’ என்ற வழக்கு அதனால் வந்ததே.

அழகிய அவ்விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. முழுதாக விழுங்கினால் கெட்டித்தோல் பெரும்பாலும் காக்கும். மென்றாலோ, துளையிட்ட மணியை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தின் ஈடன் பிராஜெக்ட் தாவரப் பூங்கா, இவ்விதை கோத்த கைவளைகளை 2011-இல் திரும்பப் பெற்றது. ஆதலின் பேத்திக்கு மணிமாலை கோக்க இது வேண்டவே வேண்டாம். குழந்தை வாயிலிட்டது தெரிந்தால், கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் விழிகளுக்கு மிளகே போதும். பிள்ளையார் குறைசொல்ல மாட்டார். குன்றிமணியே பதித்த வீட்டார், மூர்த்தியை நீரில் கரைக்குமுன் இரண்டையும் எடுத்து எண்ணிப் பூட்டிவைப்பாராக.